மாடு எங்கே, டீச்சர்?

1977-இல் வந்த ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற லண்டன் தொடரைப் பார்த்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வரும். பல நாட்டு மாணவர்கள் வரிசையாக உளறுவார்கள், வாத்தியார் தலையில் கை வைத்துக்கொள்வார், நாம் சிரிப்போம். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நானும் அப்படியொரு வகுப்பு நடத்துகிறேன். அங்கேயும் உளறல் உண்டு. ஆனால் உளறுவது பெரும்பாலும் டீச்சர்தான்.

இலக்கணத்தில் எனக்குச் சங்கடமில்லை. மாயவரத்தில் ரென் அண்ட் மார்ட்டினை நெட்டுருப் போட்டு வளர்ந்தவள் நான். எந்தக் காலத்து வினைச்சொல்லைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இவர்கள் அதையா கேட்கிறார்கள்? அமெரிக்காவைக் கேட்கிறார்கள்.

பாஷை நன்றாக வந்துவிட்டால் பேச்சில் ஒரு வழவழப்பும் வந்துவிடும். “அவரவர் பழக்கம்”, “சற்று வித்தியாசமாக இருந்தது” என்று பூசி மெழுகலாம். கையில் முந்நூறு வார்த்தை மட்டும் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. இருக்கிற வார்த்தையை எடுத்து நேரே நடுமண்டையில் போடுவார். அமெரிக்காவைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமானால் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் கொரியப் பாட்டி மகன் வீட்டில் இருக்கிறார். வீட்டு வாசலில் பெரிய புல்தரை. ஒரு கோடைகாலம் முழுக்க அதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, ஒரு நாள் வகுப்பில் எழுந்து நின்றார்.

“புல்லுக்கு உரம். புல்லுக்குத் தண்ணீர். புல் வளருது. மகன் வெட்டுறான். பையில் போட்டு, குப்பை. மறுபடி உரம். மாடு எங்கே, டீச்சர்?”

மாடெல்லாம் கிடையாது, அழகுக்காக வளர்க்கிறார்கள் என்றேன். அழகுதானே வேண்டும், மிளகாய்ச் செடிக்கு என்ன குறை என்று பாட்டி வாசலில் நாலு நாற்று நட்டுவிட்டார். குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வெளியே கொடி கட்டித் துணி உலர்த்தக் கூடாது என்று அதே சங்கம் முன்பே ஒரு கடிதம் போட்டிருந்தது. ஜூலை மாத வெயில் வாசலில் சும்மா கிடக்க, வீட்டுக்குள் மின்சாரம் செலவழித்துத் துணி காய்கிற ஊர் இது.

இந்தச் சங்கக் கடிதங்களைப் பற்றி வீட்டில் நான் புலம்பாத நாளில்லை. ஆனால் பாட்டி கேட்டதும் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? “இல்லைங்க, தெருவில் வீடுகளின் விலை இறங்கிவிடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்...” நாள் முழுக்க மாமியாரைக் கரித்துக்கொட்டுகிற மருமகள், பக்கத்து வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொன்னதும் மாமியாருக்கு வக்கீலாக மாறுவாளே, அதே கதைதான். அன்று ஆரம்பித்த வக்காலத்து இன்னும் ஓயவில்லை.

கொலம்பியாவிலிருந்து வந்த பையன் ஒருவன் நோட்டுப் புத்தகம் இல்லாமல் வந்தான். கேட்டால், கடையில் 99 சென்ட் என்று போட்டிருந்ததாம். பையில் ஒற்றை டாலர் நோட்டு. கல்லாவில் 1.06 கேட்டார்களாம். நியூ ஜெர்சியின் விற்பனை வரி 6.625 சதவீதம், விலைச்சீட்டில் அது சேராது. “பொய் விலை எழுதுகிறார்கள்” என்றான். பொய்யில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும் என்று விளக்கினேன். “கடை நடக்குமா? வேறு மாநிலம் போகுமா?” என்றான். கடை நடக்காது என்று ஒப்புக்கொண்டேன். உக்ரைன் நாட்டு என்ஜினியர் மட்டும், வரிக்கு மூன்று தசம இடம் வரை வைத்திருக்கிறார்களே என்று தொழில்முறையில் பாராட்டினார்.

எனக்கு மிகவும் சோதனை வைத்தவர் சீனத் தாத்தா. ஆயுள் முழுக்க யாரிடமும் ஒரு காசு கடன் வாங்காதவர். எங்கள் ஊரில் என்றால் இந்தப் பெருமையைக் கருமாதிப் பத்திரிகையில் அச்சடிப்பார்கள். தாத்தா ஒரு வங்கிக்குப் போய் கிரெடிட் கார்டு கேட்டார். உங்களுக்குக் கடன் வரலாறே இல்லை, தர முடியாது என்றுவிட்டார்கள். இந்த நாட்டில் மனிதனின் நாணயத்துக்கு மதிப்பெண் உண்டு. 300-இல் தொடங்கி 850 வரை போகும். கடன் வாங்கித் திருப்பிக் கட்டியவனுக்குத்தான் மார்க். கடனே வாங்காதவன் பரீட்சைக்கே வராதவன்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது என்று நான் உற்சாகமாக விளக்கினேன். சொந்தப் பணத்தில் சில நூறு டாலரை வங்கியில் டெபாசிட் கட்ட வேண்டும். அதை ஈடாக வைத்து ஒரு கார்டு தருவார்கள். அதில் வாங்கியதை மாதம் தவறாமல் கட்டிவந்தால் மதிப்பெண் ஏறும். தாத்தா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“என் பணம். எனக்கே கடன். நான் ஒழுங்காய்க் கட்டுறேன். பாங்க் சொல்லுது, நல்ல மனுஷன்.”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“எழுபத்திரண்டு வயசு. என் பெண்டாட்டி முன்பே சொல்லியாச்சு, நல்ல மனுஷன். அவள் டெபாசிட் கேட்கலை.”

அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

பிரேசில் பெண்ணின் வழக்கு வேறு. அவள் நாட்டில் பெட்ரோல் பங்கில் ஊழியர்தான் பெட்ரோல் போட வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து சட்டம். நியூ ஜெர்சியிலும் அதே கதை, இங்கே 1949-இலிருந்து. ஆகவே அமெரிக்கா முழுக்க இப்படித்தான் என்று நம்பி, டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவில் ஒரு பங்கில் காரை நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்ததும், ஆள் வந்துவிட்டார் என்று சாவியை நீட்டியிருக்கிறாள். அந்த நல்ல மனிதர் பெட்ரோல் போட்டுக்கொடுத்தாராம். ஐம்பது மாநிலங்களில் நியூ ஜெர்சி ஒன்றுதான் இப்படி, மிச்சமெல்லாம் வேறு மாதிரி என்று சொன்னபோது அவள் பார்த்த பார்வையில், எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து ஏற்பாடு செய்தேன் என்ற குற்றச்சாட்டு இருந்தது.

தேதியில் மாதம் முன்னால் வருவது, தண்ணீர் 32 டிகிரியில் உறைவது, இதெல்லாம் முதல் வாரத்துச் சண்டைகள். எல்லோரும் சேர்ந்து தோற்றுப்போனோம்.

பிப்ரவரி 2-ஆம் தேதி வகுப்பில் மட்டும் என் கை ஓங்கியது. பென்சில்வேனியாவில் பங்ஸடானி என்ற ஊரில் 1887 முதல் நடக்கும் கூத்து: அணில் குடும்பத்தைச் சேர்ந்த குண்டுப் பிராணி ஒன்றை அதிகாலையில் பொந்திலிருந்து தூக்குவார்கள். அது தன் நிழலைப் பார்த்தால் குளிர் இன்னும் ஆறு வாரம். தொப்பி போட்ட பெரிய மனிதர்கள் சூழ நின்று அறிவிப்பார்கள், தொலைக்காட்சியில் செய்தி வரும். என்ஜினியர் தாங்கமாட்டாமல், “நிலாவுக்கு மனிதன் அனுப்பினார்கள். வானிலைக்கு எலி?” என்றார். மற்றவர்களும் திகைத்துப்போயிருந்தார்கள். எனக்கு மட்டும் துளி ஆச்சரியமில்லை. பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பார்த்த குடும்பம் எங்களுடையது. அரை மணி நேரம் கௌளி சாஸ்திரம் விளக்கினேன். அமெரிக்காவின் மேல் அவர்களுக்கு மரியாதை கூடியது.

ஆறு பேரும் ஒருமனதாகப் பாராட்டிய விஷயம் ஒன்றே ஒன்று. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து நின்று சிவப்பு விளக்கு மின்னினால், தெருவே அப்படியப்படியே நிற்கிறது. நியூ ஜெர்சியில் குறைந்தது 25 அடி தள்ளி நிற்க வேண்டும். எத்தனை பெரிய கார், எத்தனை அவசரம் என்ற பேச்சே இல்லை. ஜப்பான் அம்மாள், “அமெரிக்கா எல்லோருக்கும் அவசரம். குழந்தைக்கு நிற்குது” என்றார். வாதாட வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரே மாலை அதுதான்.

பருவம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிடப் போனோம். தாத்தா சொன்ன சீன உணவகம். பில் வந்ததும் பாட்டியும் தாத்தாவும் மல்லுக்கு நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். தாத்தா எமகாதகர். கை கழுவப் போவதாகச் சொல்லி எழுந்து, ரொக்கமாகக் கட்டிவிட்டே திரும்பி வந்திருந்தார். டிப்ஸாவது நாங்கள் வைக்கிறோம் என்று மற்றவர்கள் பர்ஸை எடுத்தார்கள். இருபது சதவீதம் என்றேன்.

“சாப்பாட்டுத் தொகைக்கா, வரி சேர்த்தா?” என்று என்ஜினியர் பில்லை நிமிர்த்தினார்.

சிலர் வரி சேர்த்தும் கணக்குப் போடுவார்கள் என்றேன்.

“வரியை யார் பரிமாறினார்?”

நான் அவசரமாக வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டேன். மத்திய அரசுச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கூலி கொடுத்தால் போதும். 1991-இலிருந்து அது ஏறவே இல்லை. நியூ ஜெர்சியில் அதைவிடக் கூடுதல். மிச்சத்தை டிப்ஸ்தான் ஈடுகட்ட வேண்டும். என்ஜினியர் ஒன்றும் பேசாமல் பர்ஸை மறுபடி திறந்து இன்னொரு பத்து டாலரை வைத்தார்.

“அப்போ டீச்சருக்கு எவ்வளவு?” என்று பிரேசில் பெண் கேட்டாள்.

என்ஜினியர் யோசித்தார். “நூலகம் வகுப்பு இலவசம். பூஜ்யத்தில் இருபது சதவீதம், பூஜ்யம்.”

கணக்கில் எப்போதும் கவனமாக இருக்கும் ஜப்பான் அம்மாள் நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்து, பணிவாகக் கேட்டார்: “வரிக்கு முன்பா, பின்பா?”