‘டேக்’ என்னும் வினையும் அதன் களவுப் பொருள்களும்

ஆங்கிலேயர் நடப்பதோடு நிற்பதில்லை, ‘டேக் எ வாக்’ என்று நடையையே எடுத்துவிடுகிறார்கள். உட்காரச் சொன்னால் ‘டேக் எ சீட்’. ஆனால் எழுந்து போன பிறகு பார்த்தால் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இது களவா, கையாடலா என்பதில் இக்கட்டுரையாளருக்கும் பிற அறிஞர்களுக்கும் கடும் கருத்து வேறுபாடு உண்டு. (பிற அறிஞர்கள் இன்னும் அகப்படவில்லை.)

இத்தகைய சொற்கூட்டுகளை ஆங்கில மொழியறிஞர் ஹரால்ட் பால்மர் 1933இல் டோக்கியோவில் இருந்தபடி ஓர் அறிக்கையாகவே திரட்டினார். பிரித்துப் பார்க்காமல் முழுசாகக் கற்கவேண்டியவை என்பது அவர் கட்சி. நாம் அப்படி விடுவதாக இல்லை. குற்றம் என்றால் பூர்வோத்திரம் வேண்டாமா?

793இல் லிண்டிஸ்பார்ன் மடத்தைச் சூறையாடிய வைக்கிங்குகளும் அவர்கள் பின்னால் வந்தவர்களும் இங்கிலாந்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். பிறகு அங்கேயே குடியேறி, எடுப்பதற்கான சொல்லையும் கொடுத்தார்கள். அவர்களுடைய ‘டாகா’தான் இன்றைய ‘டேக்’. அதுவரை ஊர்க்காரர்கள் வைத்திருந்த சொல் ‘நிமன்’. அது தேய்ந்து ‘நிம்’ ஆகி, கடைசியில் திருட்டைக் குறிக்கும் கொச்சையாக ஒண்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யில் நிம் என்றே ஒரு கைநீளக்காரன் வந்து தூக்கில் தொங்குகிறான். கொள்ளைக்காரன் சொல்லோ நீதிமன்றத்தில் ‘டேக் அன் ஓத்’ என்று சத்தியம் செய்கிறது! பழைய சொல்லின் வாரிசாக ‘நம்’ என்று ஒன்று மிச்சம். மரத்துப்போன என்று பொருள். மரத்துப்போகாதா பின்னே?

‘டேக் ப்ளேஸ்’ என்று கூட்டங்கள் எடுக்கும் இடத்துக்குப் பத்திரம் ஏதும் இல்லை. ‘டேக் அஃபென்ஸ்’ இன்னும் விசேஷம்: யாரும் கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டுச் சம்பந்திகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

சிக்கலெல்லாம் குளியலில்தான். அமெரிக்கர் ‘டேக் எ பாத்’ என்கிறார்கள். பிரிட்டிஷார் பெரும்பாலும் ‘ஹேவ் எ பாத்’. அதாவது எடுத்தவர் ஒருவர், வைத்திருப்பவர் இன்னொருவர். 2024 வரை நடப்பிலிருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டப்படி என்றால் முன்னவர்மீது 379, பின்னவர்மீது 411. நம் ஆபீஸ்களில் ‘லீவு எடுத்தேன், ரெஸ்ட் எடுத்தேன், ரிஸ்க் எடுத்தேன்’ என்று இதே சரக்கைப் புழங்குகிறோமே, நாமும் 411க்குள் வருவோமா என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் போனால், சார் லீவு எடுத்திருக்கிறார் என்கிறார் குமாஸ்தா.