நாள் பார்த்துத் தர்மம் செய்வது எப்படி?

பெண் பார்க்க நாள் பார்க்கிறோம், போர் போட நாள் பார்க்கிறோம், புது லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கவும் நாள் பார்க்கிறோம். தர்மத்துக்கு மட்டும் பார்ப்பதில்லை. யாராவது உண்டியல் குலுக்கினால் சட்டைப்பையில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு, மீதி டீயைக் குடிக்கப் போய்விடுகிறோம். சேலம், நாமக்கல் வட்டாரத்தின் இந்தக் கெட்ட பழக்கத்தைத் திருத்தத்தான் இக்குறிப்புகள். இதற்குப் பாம்புப் பஞ்சாங்கம் உதவாது, அரசிதழ் வேண்டும்.

முதலில் இது எந்த வருஷம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1984 வாக்கில் மேட்டூரைத் தாண்டிக் கொளத்தூர்ப் பக்கம் விடுதலைப் புலிகள் பயிற்சி முகாம் நடத்தினார்கள். ஊரறிந்த விஷயம். முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரே புலிகளுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்ததாக ஆன்டன் பாலசிங்கம் எழுதிவைத்திருக்கிறார். அப்போது அந்தப் பையன்களுக்கு ஓர் ஆத்தா ஒரு சொம்பு மோர் ஊற்றியிருந்தால், அது புண்ணியக் கணக்கு. 1992 மே 14-ல் இயக்கத்துக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு சொம்பைத் தூக்குமுன் சட்டத்தைப் புரட்டிவிடுவது நல்லது. இப்போதுள்ள சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், தடைசெய்த இயக்கத்துக்குப் பணம் திரட்டினால் 14 வருஷம் வரை உள்ளே இருக்கலாம். சொம்பும் அதுதான், மோரும் அதுதான்.

அடுத்து, யார் கையில் கொடுப்பது? தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1985-ல் நம் தமிழ்நாட்டில், படகேறி வந்த அகதிகளுக்காகத் தொடங்கியது. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, வெளிநாட்டுத் தமிழர்கள் இதன் மூலம்தான் அள்ளிக் கொடுத்தார்கள். 2006-ல் இலங்கை மத்திய வங்கி இதன் கணக்குகளை முடக்கியது. 2007 நவம்பர் 15-ல் அமெரிக்கக் கருவூலத்துறை, இது புலிகளுக்குப் பணம் திரட்டவும் பொருள் வாங்கவும் போட்ட முகமூடி என்று சொல்லிச் சொத்துகளை முடக்கியது. கழகம் மறுத்தது. ஆகவே 2005 ஜனவரியில் செக் எழுதியவர் செய்திருக்க வேண்டியது சுலபம்: 2007 நவம்பரில் என்ன நடக்கும் என்று அன்றைக்கே ஒரு நல்ல குறிகாரரிடம் கேட்டிருக்க வேண்டும்.

எல்லாம் அபாண்டம் என்று சொல்லிவிடவும் முடியாது. பிரிட்டனில் அறநிறுவன ஆணையம் இதே கழகத்தின் லண்டன் கிளையை 2000-லேயே விசாரிக்கத் தொடங்கியது. இலங்கைக்குப் போன பணம் எப்படிச் செலவானது என்பதற்கு அறங்காவலர்களால் திருப்தியான கணக்குக் காட்ட முடியவில்லை. 2005-ல் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இந்த இடத்தில் நம் ஊர்க்காரனுக்குக் கோபம் வரவேண்டும். காதுகுத்துக்கு வாசலில் மேசை போட்டு, ஒருவர் பெயர் எழுத, ஒருவர் பணம் எண்ண, மூன்றாமவர் மைக்கில் “மோகனூர் பெரியப்பா ஆயிரத்து ஒண்ணு” என்று சொல்கிற ஊர் இது. இருபது வருஷம் கழித்தும் அந்த நோட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, பெரியப்பா செய்ததற்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று பார்க்கிறோம். வீட்டு மொய்க்கு இத்தனை சுத்தம். விடுதலைக்கு என்று வாங்கிய காசுக்கு நோட்டுக் கேட்டால் துரோகி என்றார்கள். கேட்காமலே கொடுத்தோம். அதில் எது கஞ்சிக்குப் போனது, எது தோட்டாவுக்குப் போனது என்பது இன்றுவரை கொடுத்தவனுக்குத் தெரியாது. ஆகவே மொய் நோட்டு இல்லாத இடத்தில் காசு போடாதீர்கள். இந்த ஒரு குறிப்பை மட்டும் நான் கேலியாக எழுதவில்லை.

சரி, பணம்தானே வம்பு, பொருளாகக் கொடுத்தால்? தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டேன்.

“ஏனுங்க, வெறும் அரிசிதானுங்களே?”

“அரிசிதானுங்க. நீங்க அரிசி குடுத்தா, அவன் அரிசிக்குன்னு வெச்சிருந்த காசு மிச்சமாகுதுங்களா? அந்த மிச்சத்துக்குத் துப்பாக்கி வாங்குவான்.”

இது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 ஜூன் 21-ல், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தந்த தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. பயங்கரவாதப் பட்டியலில் உள்ள இயக்கத்துக்குச் சண்டையைப் பேசித் தீர்ப்பது எப்படி என்று பாடம் நடத்தினால்கூட அது உதவிதான் என்றது அந்தத் தீர்ப்பு. வழக்கில் குர்திஷ் இயக்கமும் இருந்தது, நம் புலிகளும் இருந்தார்கள்.

பட்டியலை ஒருமுறை பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உலகத் தமிழர் பேரவையை இலங்கை அரசு 2014-ல் பட்டியலில் சேர்த்தது, 2015-ல் எடுத்தது, 2021-ல் மறுபடி சேர்த்தது, 2022-ல் மறுபடி எடுத்தது. நம் மினி பஸ்கூட இத்தனை தரம் ஸ்டாண்டுக்குள் போய் வராது. நன்கொடை தருகிறவர் பேருந்து நேர அட்டவணைபோல ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

டொரன்டோவில் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் நம் ஊர் டிரஸ்டுக்குப் பணம் அனுப்ப ஆசைப்பட்டால், உற்சாகப்படுத்தாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அவர் இப்போது ‘வெளிநாட்டு மூலம்’. டிரஸ்ட் மூன்று வருஷம் நடந்திருக்க வேண்டும், அதில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும், டெல்லியில் பதிவு வாங்க வேண்டும். பிறகு அவர் பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதான கிளையில் இறங்கித்தான் நாமக்கல்லுக்கு வண்டி பிடிக்கும். அதே அண்ணன் உங்களுக்கே கொடுத்தால் வருஷத்துக்குப் பத்து லட்சம் வரை யாருக்கும் சொல்ல வேண்டாம். தர்மம்தான் ஆபத்து, சொந்தம் இல்லை.

கப்பலில் அனுப்ப நினைப்பவர்கள் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். 2009-ல் ஐரோப்பியத் தமிழர்கள் ‘வணங்காமண்’ என்று 884 டன் நிவாரணப் பொருள் ஏற்றி அனுப்பினார்கள். இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. சென்னைக்கு வந்தது, வேறு கப்பலுக்கு மாறியது, கொழும்புத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு பழ.நெடுமாறன் யாழ்ப்பாண மக்களுக்கென்று திரட்டிய உணவையும் மருந்தையும் தமிழ்நாட்டுக் கரையையே தாண்ட விடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கை ஊறினால், பரமத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது, டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். அதிகாரிகளிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது புத்தகம் அடிக்க அச்சகத்துக்குப் போனால் என்ன பெயர் என்று கேட்பார்கள். ‘புனர்வாழ்வு’ மட்டும் வேண்டவே வேண்டாம். ‘மறுவாழ்வு’ என்று போடச் சொல்லுங்கள். 2021-ல் அரசாங்கமே அகதிகள் முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது, பயமில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று டிசைன் போடுகிற பையன் கேட்டால், ஒன்று வடமொழி, ஒன்று தமிழ் என்று சொல்லி, ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.