இறங்கலும் இறங்கல் நிமித்தமும்

சைக்கிள் மிதிக்கிறவனுக்கு ஒரு சாலை எதனால் அழகாகிறது என்ற கேள்வியை நம் இலக்கணிகள் தொடாமல் விட்டது அவர்கள் குற்றமன்று. அவர்கள் காலத்தில் சைக்கிள் இல்லை. நிலத்தை ஐந்தாகப் பகுத்து, முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வரிசையில் சைக்கிளுக்கும் ஓர் இடம் பிடித்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஆய்வுக்கருவி, கியர் இல்லாத 24 இஞ்ச் சைக்கிள். பின் மட்கார்டு தாளம் போடும். ஆய்வாளரின் வயதும் எடையும் முடிவைப் பாதிக்கக்கூடியவை, ஆகையால் தரப்படவில்லை.

அழகென்றால் மலை வேண்டும் என்பாரும் உளர். அவர்கள் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் போனில் படம் எடுத்துவந்து காட்டுவார்கள். அவ்வளவும் காரிலிருந்து எடுத்தவை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறவன் தன் செருப்பைத்தான் பார்க்கிறான். நிழல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். புளியமர நிழலுக்குள் நுழைந்ததும் கண் பாதி சொருகிவிடுகிறது. அது சுகம், சுகம் வேறு, அழகு வேறு.

இனி எம் கொள்கை. தஞ்சை வயல் தாம்பாளம்போல் மட்டமானது. அதில் மேடு என்று ஒன்று இருந்தால் அது ஆற்றங்கரைதான். வெள்ளத்துக்குப் பயந்து இருபுறமும் கரையை உயர்த்தியிருப்பதால், ஒவ்வோர் ஆறு வரும்போதும் சாலை கரையேறி, பாலம் கடந்து, மறுபடி வயல் மட்டத்துக்கு இறங்குகிறது. கரந்தையில் வடவாறு, பள்ளியக்ரஹாரத்தில் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, கண்டியூர் தாண்டிக் குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஆக ஐந்து ஆறு, ஐந்து ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில் தொடை கனக்கிறது, நாக்கு வறள்கிறது, மானமுள்ளவன் இறங்குவதற்கு ஒரு காரணம் தேடுகிறான். அந்த இடத்தில் எது தென்படுகிறதோ அதுவே இயற்கை அழகு எனப்படும்.

மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். சைக்கிளோடு ஊடல் உண்டு. செயின் கழன்ற நாளில் நெடுநேரம் பேசாமலிருந்ததும் உண்டு. ஆனால் சைக்கிளுக்குச் சிறப்பாக உரியது நெய்தலின் பொருளே. இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்பதில் இடையின ரகரத்தை எடுத்துவிட்டு வல்லின றகரத்தைப் போட்டுக்கொண்டால் முடிந்தது. இலக்கணம் ஓர் எழுத்து வித்தியாசத்தில் நம்மைத் தவறவிட்டிருக்கிறது.

தடை எழுப்புவார் ஒருவர்: அப்படியானால் தண்ணீருக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வந்து பிரிய இன்னும் சில நாள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். ஒரு சாலையின் அழகு 46 நாள் தாமதமாக வந்து சேர்ந்ததற்கு இதைவிடத் துல்லியமான பதிவு கிடைக்காது. ஆனால் சித்திரையிலும் நான் அதே ஐந்து இடத்தில் இறங்குகிறேன். மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஓர் ஓவர் முடியும்வரை நிற்கிறேன். கொள்கைக்குப் பழுதில்லை.

இன்னொரு தடை சற்றுக் கூர்மையானது. வெண்ணாறும் காவிரியும் கல்லணையில் பிரிபவை. வடவாறும் வெட்டாறும் வெண்ணாற்றின் பிள்ளைகள். குடமுருட்டி காவிரியின் கிளை. ஆக ஒரே தண்ணீரை ஐந்து தடவை பார்த்து ஐந்து அழகு என்று கணக்கெழுதுகிறோம். எந்த ஆடிட்டரும் ஒப்பமாட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சு ஐந்து தடவையும் தனித்தனியாகத்தான் வாங்குகிறது.

களப்பணியில் ஒரு பின்னடைவையும் மறைக்கலாகாது. வெட்டாற்றுப் பாலத்தில் கைப்பிடிச் சுவரோரம் சைக்கிளைச் சாய்த்து, கீழ்க்கரை நாணலை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தலையில் துண்டைக் கட்டிய பெரியவர் ஒருவர், புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“யாரையும் எதிர்பாக்குறீங்களா?”

“இல்லீங்கய்யா. சும்மா ஆத்தப் பாக்குறேன்.”

அவரும் ஆற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

“மொதல்ல உக்காருங்க தம்பி. நெஞ்சு எப்படி அடிக்குது பாருங்க, சட்டை தூக்குது.”

ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு எட்டுப் பத்தி தேவைப்பட்டதை அவர் ஒரே பார்வையில் முடித்துவிட்டார்.

கொள்கையைச் சரிபார்க்க ஒப்பீட்டுச் சோதனை வேண்டுமல்லவா? என் மனைவியின் தம்பியை அழைத்துப் போனேன். அவனுக்கு 21 கியர் வைத்த புது சைக்கிள். ஏற்றம் வந்தால் விரலால் ஒரு தட்டு. கால் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் ஐந்து முறை இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது, அவன் திருவையாற்றில் அசோகா அல்வா இரண்டாவது கரண்டிக்கு வந்திருந்தான். வாழையிலைத் துண்டில் நெய் ஓடிக்கொண்டிருந்தது.

“வழியில எத்தன ஆறுடா பாத்தே?”

“ஒண்ணு... ரெண்டு இருக்கும் அத்தான். ஏன், நெறைய இருக்கா?”

கியர் அழகின் பகைவன் என்று அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஊருக்குப் பேரே ஐயாறு என்பதை அவனுக்குச் சொல்லவில்லை, சோதனை கெட்டுவிடும்.

திரும்பும்போது வண்டியை மாற்றிக்கொண்டோம். என் முழங்காலின் நலன் கருதி அவனே கேட்டது. கண்டியூர் வந்ததும் ஒரு டீக்கடை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன், அவனைக் காணோம். பாதி டீயில் போன் வந்தது. மூச்சு வாங்கியபடி பேசினான்.

“அத்தான், இங்க ஒரு ஆறு இருக்கு பாத்தீங்களா? என்னமா இருக்கு! வரும்போது இது இல்லையே?”

குடமுருட்டி. நானும் சற்றுமுன் அதன்மேல்தான் வந்திருக்கவேண்டும்.