தாத்தாவுக்கு எந்த ஊர்?

பேரனுக்கு ஆங்கிலம் மட்டும், தாத்தாவுக்குத் தாய்மொழி மட்டும். எப்படித்தான் பேசிக்கொள்வார்கள்? (வாசகர், கரூர்)

ஒரே மொழி தெரிந்த தாத்தாவும் பேரனும் மட்டும் பேசிக்கொள்கிறார்களா என்ன? மின் லே எழுதி டான் சன்டாட் வரைந்த ‘ட்ரான் டுகெதர்’ (2018) படப்புத்தகத்தில் தாத்தா தாய்லாந்துக்காரர், பேரன் அமெரிக்கப் பையன். சாப்பாடும் டி.வி.யும் கைகொடுக்கவில்லை. பையன் வரைய உட்கார்ந்தான். தாத்தாவும் தூரிகையோடு வந்துவிட்டார். அப்புறம் யாருக்கு வேண்டும் பேச்சு?

அயல்நாட்டில் குடியேறிய தாத்தாவுக்கு எதுதான் சொந்த ஊர்? (வாசகி, திருச்சி)

அப்போது எந்த ஊரில் இல்லையோ, அந்த ஊர்! ஆலன் சேயின் ‘கிராண்ட்ஃபாதர்ஸ் ஜர்னி’ தாத்தாவுக்குக் கலிபோர்னியாவில் ஜப்பான் ஏக்கம். ஜப்பான் திரும்பியதும் கலிபோர்னியா ஏக்கம். இன்னொரு முறை போய்வர நினைத்தார். போர் வந்து கெடுத்தது. 1994இல் கால்டெகாட் பதக்கம் பெற்ற புத்தகம் இது.

இந்தச் சோகமெல்லாம் குழந்தைகளுக்குப் புரியுமா சார்? (வாசகர், நாகர்கோவில்)

நன்றாகப் புரியும். தாத்தாவுக்கு வாரம் ஒரு போன்கூடப் போடாத அப்பாவுக்கு, குழந்தையையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.