வெளுத்தது எதுவும் பாலுக்கு ஆகாது

நீலத்தைப் போட்டு வெள்ளையைக் காட்டும் வித்தை காரியாபட்டிக்குப் பழசு. கரிசல் புழுதியில் கட்சிக்காரர் வேட்டி பளிச்சென்று நிற்பது சொட்டு நீலத்தின் புண்ணியம். இதே ஜோடியை வைத்து விஞ்ஞானிகள் பாக்டீரியாக் கூட்டத்தில் ஆள் பிடித்தார்கள். அந்தக் கதையில் நம்ம அவுரிக்கும் பங்கு உண்டு; கூலிதான் கிடைக்கவில்லை.

முதலில் வருகிறவர் அடால்ஃப் ஃபான் பேயர். ஆற்காட்டிலும் கடப்பையிலும் அவுரியை ஊறப்போட்டு, அடித்து, நீலக்கட்டியாக்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1880-ல் மியூனிக்கில் உட்கார்ந்து அந்த நீலத்தைக் குடுவையிலேயே சமைத்துவிட்டார் மனிதர். 1897-ல் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி அதைச் சந்தைக்கு விட்டது, அவுரி படுத்தது. 1905-ல் பேயருக்கு நோபல், அவுரி போட்டவனுக்கு நாமம்.

அடுத்தவர் டெட்ராய்ட்டின் ஜெரோம் ஹார்விட்ஸ். ஊருக்கு உழைத்தே ஓய்ந்த ஜாதகம். 1964-ல் புற்றுநோய்க்கென்று ஏ.இசட்.டி. செய்தார், எலிக்கே பலிக்கவில்லை, பரணில் போட்டார். 1987-ல் அதுவே எய்ட்ஸுக்கு முதல் மருந்தானபோது, அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை. அதே 1964-ல் அவர் குழு, திசுக்களில் நொதியைக் கண்டுபிடிக்க இன்னொன்றும் செய்தது: அவுரி நீலத்தின் பாதி மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி, ஒரு சர்க்கரையோடு ஒட்டிவைத்தார்கள். எக்ஸ்-கேல். பார்க்க நிறமில்லாத சாது. பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி வந்து சர்க்கரையை வெட்டிவிட்டால் போதும், பாதியும் பாதியும் ஜோடி சேர்ந்து, காற்றுப் பட்டு நீலமாகிவிடும்.

மறுபடியும் மியூனிக். நகரத்தை ஒட்டிய மார்ட்டின்ஸ்ரீடின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் 1977-ல் யோக்கிம் மெஸ்ஸிங், ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் எம்13 வைரஸுக்குள் அந்த நொதி ஜீனின் சின்னத் துண்டு ஒன்றைச் செருகினார். மிச்சத் துண்டு பாக்டீரியாவிடம். இரண்டும் கூட்டணி வைத்தால்தான் நொதி வேலை செய்யும், எக்ஸ்-கேல் போட்ட தட்டில் நீலம் பூக்கும். சின்னத் துண்டின் நடுவே நமக்கு வேண்டிய ஜீனைச் சொருகினால் கூட்டணி உடைந்தது, வெள்ளை. அதற்குமுன் வெல்வெட் துணியால் காலனிகளை ஒத்தியெடுத்து, ஆன்டிபயாடிக் போட்ட வேறு தட்டில் எது செத்தது என்று பிணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1982-ல் மெஸ்ஸிங், ஜெஃப் வியேராவோடு சேர்ந்து, இதே வித்தையோடு ஜீனைச் சுமக்கும் குட்டி டி.என்.ஏ. வளையங்களாக பி.யு.சி. பிளாஸ்மிட்களைக் கொடுத்தார். (நம்ம ஊர்ப் பெரியவர்கள் பெயிலான பி.யு.சி. இல்லை; 'பி' பிளாஸ்மிட், 'யு.சி.' கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்.) காப்புரிமை வாங்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். பேயரின் ஊர்க்காற்று அவர்மேல் படவில்லை போல.

வேடிக்கை என்னவென்றால், அந்த நொதியின் பிழைப்பே பால் சர்க்கரையை வெட்டுவது. வெள்ளைக் காலனியால் அது முடியாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் நமக்கு இயற்கை வைத்த குட்டு.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு 1980-களிலேயே உயிர்த்தொழில்நுட்பம் வந்துவிட்டது. காரியாபட்டியில் பஸ் ஏறி அங்கே படிக்கப் போகிற பிள்ளைக்குக் கைடு முதலில் சொல்லித்தருவது, வெள்ளையை நம்பாதே என்பதைத்தான். ஜீன் ஏறாமலே நொதித் துண்டு பழுதாகி வெளுத்து நிற்கும் போலிகள் உண்டு. பிளாஸ்மிட்டைப் பிரித்து, வெட்டி, ஜெல்லில் ஓட்டித்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். நீலமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் வெளிர்நீலமாக ஒன்று முழித்தால்? கைடு தட்டை வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, கடைசியில் சொல்வார்: "ஃப்ரிட்ஜுல வைப்பா, நாளைக்குப் பாப்போம்."