கச்சான் காற்றும் கார்ப்பஸ் ஃபண்டும்

அம்பத்தூர்க்காரனுக்குக் கடல் என்பது காணும் பொங்கலன்று குடும்பத்தோடு போய், பிள்ளையைத் தொலைத்து, போலீஸ் கூடாரத்தில் மீட்டுக்கொண்டு வருகிற இடம். மற்ற நாட்களில் எங்களுக்கு ஏரி போதும். அம்பத்தூர் ஏரி இருக்கிறது, கொரட்டூர் ஏரி இருக்கிறது. ஆவடிப் பக்கம் போனால் பருத்திப்பட்டு ஏரியில் படகுகூட விடுகிறார்கள். பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். இத்தனை தண்ணீர் இருந்தும் இந்தப் பக்கத்தில் ஒரு கவிஞன் பிறக்கவில்லையே என்று யாரும் கேட்டுவிட முடியாது. பூந்தமல்லிக்கு அடுத்த திருமழிசையில் ஓர் ஆழ்வாரே பிறந்திருக்கிறார். நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் அவர் பாடியவை. அவர் காஞ்சியை விட்டுக் கிளம்பியபோது அங்கிருந்த பெருமாளே பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனதாகச் சொல்வார்கள். எனக்காக எங்கள் ஃப்ளாட்ஸ் வாட்ச்மேன் நாற்காலியைக்கூட நகர்த்தமாட்டார்.

அதனால் ஆழ்வார் பெயரைச் சொல்லி நான் தப்பிக்க வழியில்லை. என்னிடம் ஒரு நாவல் இருக்கிறது. இருக்கிறது என்றால், எழுதவில்லை, அவ்வளவுதான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒருவனின் கதை. முதல் அத்தியாயத்தில் அவன் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பி செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறான். பல வருஷங்களாக மாட்டிக்கொண்டே இருக்கிறான். குனிந்த முதுகு நிமிராமல் அந்த மனிதன் என்ன பாடுபடுகிறானோ என்று சில ராத்திரிகளில் எனக்கே பாவமாக இருக்கும். வீட்டில் எழுத மேஜை இல்லாமல் இல்லை. அதன்மேல் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி இருக்கும். அதை எடுத்துவிட்டால் இஸ்திரியாகி வந்த துணி இருக்கும்.

அந்த நேரத்தில்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பங்களாவில் வார இறுதிப் படைப்பு முகாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கடலைப் பார்த்த அறை, மூன்று வேளைச் சாப்பாடு, 'உள்ளிருக்கும் படைப்பாளியைச் சந்தியுங்கள்' என்ற வாசகம். கட்டணத்தை மனைவியிடம் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அந்தப் பாதிக்கே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள இருக்கிறவரைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? இங்கேயே இருக்கச் சொல்லுங்க, மாவு அரைக்கணும்" என்றாள்.

நான் போவதில் உண்மையாகவே கவலைப்பட்டது அசோசியேஷன்தான். எங்கள் ஃப்ளாட்ஸுக்குச் செக்ரட்டரி நான். எல்லோரும் வேண்டாம் என்று சொன்ன பதவி, கூட்டத்துக்கு வராதவன் தலையில் விழும். அன்றைக்கு நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். சம்ப்புக்கு லாரித் தண்ணீர் விடும் வால்வு, போர் தண்ணீர் வால்வு, மேல் டேங்குக்கு ஏற்றும் வால்வு என்று மோட்டார் ரூமில் இருக்கும் குழாய்களின் சூட்சுமம் எனக்கு மட்டுமே தெரியும். வாரிசுக்கு இன்னும் உபதேசம் ஆகவில்லை.

அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின், அங்கே சாலையைக் கடந்து பார்க் டவுனில் பறக்கும் ரயில், திருவான்மியூரில் இறங்கி ஈ.சி.ஆர். பஸ். ஒரே ஊருக்குள் இவ்வளவு தூரம் போனதில் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. வாசலைப் பார்த்ததும் அந்தச் சிலை மனிதர் நினைவுக்கு வந்தார். யார் என்ன கோமாளித்தனம் செய்தாலும் கண்ணிமைக்காமல் நிற்பாரே, அவர். 'அசையாமல் உட்காருங்கள், வார்த்தை தானே வரும்' என்று முகாமில் சொன்னபோது, இந்தப் பயிற்சியில் தேறக்கூடிய ஒரே ஆள் அடுத்த காம்பவுண்டில் சம்பளத்துக்கு நின்றுகொண்டிருக்கிறாரே என்று தோன்றியது.

முகாமில் பலதரப்பட்டவர்கள். பெருங்குடிப் பக்கம் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை, ஏற்கெனவே தொகுப்பு போட்டு அதைப் பையில் கட்டாகக் கொண்டுவந்திருந்த ஒரு கவிஞர். வட்டமாக உட்காரவைத்து, கடல் உங்களுக்கு என்ன என்று கேட்டார்கள். ஒருவர் தாய் என்றார். ஒருவர் முடிவின்மை என்றார். என் முறை வந்தபோது "உப்புக் காத்து சார், கிரில் எல்லாம் ரெண்டே வருஷத்துல போயிடும், ரெட் ஆக்ஸைடு அடிக்கணும்" என்று வாய் தவறி வந்துவிட்டது. நடத்துநர் கண்ணை மூடிக்கொண்டு "நல்ல படிமம்" என்றார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் அலைச்சத்தம், எம்.டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போவதுபோல. பலகையில் அந்தச் சாலைக்கு சி.டி.எச். என்று பெயர் மாற்றி எத்தனையோ காலம் ஆயிற்று. எங்களுக்கு இன்னும் எம்.டி.எச்.தான். வீட்டில் அந்தச் சத்தத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறவன், இங்கே காசு கொடுத்து அதே சத்தத்தில் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் சூரிய உதயம் பார்க்க எல்லோரையும் கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். குப்பத்து ஃபைபர் படகு ஒன்று அப்போதுதான் கரையேறியது. கவிஞர் நேராகப் போய், வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவரிடம் "ஐயா, கடல் உங்ககிட்ட என்ன பேசுது?" என்று கேட்டார். பெரியவர் தலை நிமிரவில்லை.

"கச்சான் அடிக்குது சார். மீன் இல்ல. நண்டு இருக்கு, எடுத்துக்கிறீங்களா?"

கச்சான் மேற்கேயிருந்து வரும் காற்று. ஆனி மாதத்தில் தரையின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு கடல் பக்கம் போகும். மேற்கே என்றால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி. அதாவது எங்கள் ஊர்க் காற்று எனக்கு முன்னாடியே கிளம்பி வந்து இங்கே மீனைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நான் எந்த ஊர் என்று பெரியவரிடம் மூச்சு விடவில்லை. நண்டு மட்டும் வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அறையில் ஃப்ரிட்ஜ் இல்லை.

முகாமின் அங்கமாகச் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். கொடுத்த காசில் முக்கால்வாசிக்கு அந்த ஒரு பொழுதே ஈடு. சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய இடம் அது. படித்து முடித்த பிள்ளைகள் ஓவியத்தை நம்பி ஒருவேளை சாப்பிட முடியாது. வேலைக்குப் போனால் தூரிகையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதற்கு அவர் கண்ட வழி, எங்கள் எஸ்டேட் ஆள் யாரும் உடனே தலையாட்டக்கூடிய வழி. கைவினைப் பொருள் செய்து விற்போம், அதில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, மிச்ச நேரத்தில் படம் வரைவோம் என்றார். சங்கம் வைத்து, பாதிக் துணி செய்து விற்று, அந்தக் காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். அப்போது அங்கே மின்சாரம் கிடையாது. மணல்தான். குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பாதிக் வேலை சாமானியமில்லை. மெழுகை உருக்கி, சாயம் ஏறக்கூடாத இடத்தில் எல்லாம் துணியில் தடவ வேண்டும். பிறகு சாயத்தொட்டியில் முக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை மெழுகு, ஒரு முக்கல். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்தால், மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் கசிந்து நரம்பு நரம்பாகக் கோடு ஓடியிருக்கும். இந்த வேலையைச் செய்துதான் நிலத்துக்குக் காசு சேர்த்திருக்கிறார்கள். கடலைப் பார்த்தால் படைப்பு வரும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் நிலம் மலிவு. அதனால் போனார்கள். கூலி வேலை என்று முகம் சுளிக்காமல், அரிசி பருப்புக் கணக்கை முதலில் முடித்துவிட்டுப் பிறகு கலைக்கு உட்கார்ந்த மனிதர்கள்.

எங்கள் தொழிற்பேட்டை வந்தது 1964இல். ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்தப் பட்டணம் மேற்கே லேத்தையும் தெற்கே தூரிகையையும் குடியேற்றியிருக்கிறது. இரண்டும் பொட்டலில்.

உள்ளே பணிக்கர் பெயரில் 2009இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியத்தின் முன்னால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் பின்னால் போனார்கள். நான் முன்னால் போனேன். பொடிப்பொடியாக எழுத்து, எண், கட்டம், ஜாதகச் சக்கரம் மாதிரி ஏதோ. கணக்குப் பிள்ளை புத்தி, கை தானாக எழும்பி மேலிருந்து கீழே கூட்ட ஆரம்பித்துவிட்டேன். தலைமையாசிரியை "டேலி ஆகுதா?" என்று கேட்டார். ஆகவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே நின்றால் ஆகாதது நல்லதுதான் என்று ஆகிவிடுகிறது. எங்கள் ஆடிட்டரிடம் இதைச் சொல்ல முடியாது.

சிற்பங்களிடம்தான் நான் ஊர்க்காரனாக ஆனேன். ஜானகிராம், நந்தகோபால் போன்றவர்கள் தகட்டை அடித்து, வெட்டி, பற்றவைத்துச் செய்தவை. நந்தகோபால் பணிக்கரின் மகன். மற்றவர்கள் தொன்மம், முன்னோக்கு, திராவிட மரபு என்று பேசிக்கொண்டிருக்க, நான் குனிந்து ஜாயின்ட்டைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் என் மேஜைக்குப் பின்னால்தான் வெல்டிங் பே. செம்பைப் பற்றவைப்பது லேசில்லை. சூடு ஓர் இடத்தில் நிற்காமல் தகடு முழுக்க ஓடிவிடும், ஜாயின்ட் ஆறுவதற்குள் தகடு வளைந்துவிடும். இங்கே வளையவில்லை. வளைந்த இடத்தில் வளைய வேண்டும் என்றே வளைத்திருந்தார்கள். "பிரேசிங் பிரமாதம்" என்று சத்தமாகச் சொன்னேன். முகாமில் நான் தெரிந்து பேசிய ஒரே வார்த்தை அது. யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து, கடலைப் பார்த்து எழுதும் அமர்வு. போனை எல்லாம் கூடையில் போடச் சொன்னார்கள். செக்ரட்டரிக்கு விலக்கு உண்டு என்று வாதாடி வைத்துக்கொண்டேன். லேத்காரன் ஒரு செருப்பை மாட்டிவிட்டான். அடுத்த செருப்புக்குக் காலைத் தூக்கும்போது வீட்டிலிருந்து போன்.

"ஏங்க, லாரி வந்து நிக்குது. எந்த வால்வைத் திறக்கணும்? வாட்ச்மேன் எல்லாத்தையும் திறந்துட்டாரு."

"ஐயோ, போர் வால்வை மூடச் சொல்லு. சிவப்பைப் பாதி திற. நீலத்தைத் தொடாதே. மேலே போறதை முதல்ல நிறுத்து. கீழே நிரம்பட்டும், அப்புறம் பார்க்கலாம்."

நிமிர்ந்தால் பக்கத்தில் கவிஞர் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். மாலை வாசிப்பில் அவர் படித்த கவிதையில் சிவப்பு பாதி திறந்திருந்தது, நீலத்தை யாரும் தொடவில்லை, மேலே போவது நின்று கீழே நிரம்பியது. ஐ.டி. பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் தொகுப்பு ஒன்றை என்னிடமே விற்றார். கழிவு போக நூற்றிருபது ரூபாய்.

கடைசி அமர்வில் எல்லோரும் தாங்கள் எழுதியதைப் படிக்க வேண்டும். என் நோட்டில் நாவல் இல்லை. லாரிக் களேபரத்துக்குப் பிறகு மனைவி மறுபடி கூப்பிட்டு, மேல் டேங்க் வழிந்து மொட்டை மாடியில் இரண்டாம் மாடி அம்மாள் காயப்போட்டிருந்த வடாம் மிதந்ததையும், அந்த அம்மாள் கத்தியதையும், வழிந்த தண்ணீருக்கான காசைக் கார்ப்பஸ் ஃபண்டிலிருந்து எடுக்கக்கூடாது என்று பொருளாளர் மல்லுக்கு நின்றதையும் சொல்லி, உடனே ஒரு சர்க்குலர் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாள். அதை எழுதி வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் அதையே படித்தேன்.

'குடியிருப்போர் கவனத்துக்கு. மொட்டை மாடி அனைவருக்கும் பொது. ஆனால் அது யாருடைய சமையலறையும் அல்ல...'

மூன்றாவது பத்தியில் கூடம் நிசப்தமானது. பராமரிப்புப் பாக்கி வைத்திருப்போர் பட்டியல் வந்த இடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். முடித்ததும் விவாதம். நகர்ப்புறத் தனிமையை இவ்வளவு வறட்சியான மொழியில் சொன்னது புதுசு என்றார் நடத்துநர். தலைமையாசிரியைக்கு மட்டும் ஒரு குறை: இரண்டாம் மாடி அம்மாள் பாத்திரம் ஒருதலைப்பட்சமாக இருக்கிறது, அவர் தரப்பையும் கேட்டிருக்கலாம். கவிஞர், முடிவு திறந்திருக்க வேண்டும், 'இப்படிக்கு செயலாளர்' என்பது வாசகனைக் கட்டிப்போடுகிறது என்றார்.

ஊருக்கு வந்தபோது சர்க்குலர் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியாகிவிட்டது. மனைவி வாட்ஸ்அப்பிலிருந்து பிரின்ட் எடுத்திருக்கிறாள். ஆட்கள் லிஃப்டை விட்டுவிட்டு நின்று படித்தார்கள். இதுவரை நான் எழுதியதில் முழுசாகப் படிக்கப்பட்டது அதுதான்.

அன்று சாயந்திரமே காலிங் பெல். இரண்டாம் மாடி அம்மாள். கையில் தூக்குவாளி மூடியால் மூடிய ஒரு தட்டு. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று மனைவி உள்ளே நழுவிவிட்டாள்.

"தம்பி, நீங்க நல்லா எழுதுறீங்க. படிச்சதும் எனக்கே என்மேல கோபம் வந்துச்சு. அதான் வந்தேன். இதுக்கு ஒரு பதில் போடணும். மாடியில வடாம் போடுறது முப்பது வருஷமா நடக்குது, செக்ரட்டரிக்கு வால்வு மூடத் தெரியலன்னா வடாம் என்ன பண்ணும்னு, நல்லா நறுக்குனு கேக்கணும். எனக்கு எழுத வராது. நீங்களே எழுதிக் குடுங்க."

தட்டில் மிதக்காத வடாம், பொரித்தது. உட்காரச் சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த துணியை நாற்காலிக்கு மாற்றி, பேனாவைத் திறந்தேன். 'செயலாளர் அவர்களுக்கு' என்று தொடங்கலாமா என்றேன். "அவர்களுக்கு எல்லாம் வேணாம்" என்றார் அந்த அம்மாள்.