திருப்பூர் ராயபுரத்தில் கார் டயர் மாற்றுதல்: நூற்பாவும் விருத்தியுரையும்

பாயிரம் இல்லாதது பனுவல் ஆகாது என்பார்கள். ஆகவே முதலில் பாயிரம். இந்நூல் நுதலிய பொருள் டயர். வண்டியோடு வந்த நான்கு டயரும் வழுக்கை விழுந்தபின், தினசரி ஓட்டும் காருக்குக் கொடுத்த காசு வீண்போகாத டயரைத் தேர்வது எங்ஙனம் என்பது ஆராய்ச்சி. நூல் கேட்டற்கு உரியார், சிறிய காரோ நடுத்தரக் காரோ வைத்திருந்து மாதத்தவணை இன்னும் முடியாதவர். நிலம், திருப்பூர் ராயபுரம்.

சென்னை ராயபுரத்தார் இவ்விடத்தில் வழக்குத் தொடுக்கக்கூடும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டது அங்கிருந்து. அங்கிருந்து கடலோரமாக வடக்கே போனால் வருகிற திருவொற்றியூரில்தான் 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் அது தேய்ந்த டயர்மேல் ஒட்டும் ரீட்ரெடிங் ரப்பருக்கு மாறி, 1961-ல் டயருக்கு வந்து, எம்.ஆர்.எஃப். என்று நிலைபெற்றது. சான்றுகள் கனமானவைதாம், மறுக்கவில்லை. ஆனால் டயரைச் செய்தவரிடம் போனால் கேட்லாக் கிடைக்கும். விலை கேட்டவரிடம் போனால்தான் கருத்து கிடைக்கும். கருத்துக்குத் திருப்பூரில் என்றைக்கும் பஞ்சமில்லை.

பாயிரம் முற்றும். நூலுக்குள் போகலாம்.

*டயரெனப் படுவது துணியே, ரப்பர்*
*அதன்மேற் பூச்சென மொழிப உணர்ந்தோர்.*

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், டயரின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. டயரை ரப்பர் என்று கருதுவோர் பனியனைச் சாயம் என்று கருதுவோருக்கு ஒப்பர். காரில் மாட்டும் ரேடியல் டயரை அறுத்துப் பார்த்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நெருக்கமாக ஓடும் பாலியெஸ்டர் முறுக்குநூல் தெரியும். அதற்குமேல் எஃகுக் கம்பிப் பட்டைகள் இரண்டு, பலவற்றில் அதற்கும்மேல் நைலான் உறை. காற்றழுத்தத்தையும் வண்டி எடையையும் தாங்குவது இந்த நூல்தான். ரப்பரின் வேலை நூலைப் பொத்திவைப்பதும் ரோட்டைப் பிடிப்பதும். நூலின் பருமனை டீனியரில் சொல்கிறார்கள். ஆயிரம் டீனியரில் இரண்டு இழை முறுக்கு என்றால் டயர்க்காரருக்கும் புரியும், நம் யார்ன் ஏஜென்டுக்கும் புரியும். சென்னை மணலியில் நைலான் டயர்த்துணியை 1970-களிலிருந்தே நெய்து வருகிறார்கள். பாவு அடர்த்தியாக இருக்கும். ஊடை பெயருக்கு ஒன்றிரண்டு மெல்லிய இழை, பாவு கலையாமல் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும்.

நெய்த துணி என்றதும் ஒரு தடை எழும். திருப்பூர் நிட்டிங் ஊர். நெசவு என்றால் பல்லடம், சோமனூர் பக்கம் போக வேண்டும். ஆகவே ராயபுரத்துக்கு டயரைப் பற்றிப் பேச அதிகாரம் உண்டா? உண்டு. பின்னியதோ நெய்ததோ, துணியைக் கையில் வாங்கினால் கவுன்ட் என்ன, ஜி.எஸ்.எம். என்ன, எந்த லாட், எத்தனை வாஷ் தாங்கும் என்று கேட்காமல் பில்லில் கையெழுத்துப் போடாத ஊர் இது. அதே ஆள் டயர்க்கடைக்குப் போனால் "ஏனுங்கண்ணா, கடைசி ரேட் என்னங்க?" என்று ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார். இந்த வினோதமே இவ்வாய்வுக்குக் காரணம்.

துணி என்று ஒப்புக்கொண்டால் உடனே ஒரு பயன் உண்டு. தோண்டிய ரோட்டுப் பள்ளத்தில் டமாலென்று இறங்கி ஏறிய மறுநாள் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம் தெரிந்தால் பலர் "காத்து கொஞ்சம் அதிகமாயிருச்சு" என்று குறைக்கப் போகிறார்கள். உள்ளே நூல் அறுந்திருக்கிறது. பனியனில் நூல் அறுந்தால் ஓட்டை, டயரில் அறுந்தால் வீக்கம். அதற்குப் பஞ்சர்க் கடையில் மருந்து கிடையாது, டயரை மாற்ற வேண்டியதுதான். வாரன்டி அட்டையைத் தேடி எடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: அது பொதுவாகத் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். பள்ளத்துக்குப் பொறுப்பு பள்ளமே.

இனிப் பிறர் மதம் கூறி மறுத்தல். இவ்வட்டாரத்தில் டயர்த் தேர்வில் மூன்று மதங்கள் வழங்குகின்றன. முதலாவது மச்சான் மதம்: "மச்சான் வண்டிக்கு இதத்தான் போட்டிருக்கான், அம்பதாயிரம் ஓடுச்சாமா." மச்சானின் ஐம்பதாயிரம் கோவை விமான நிலையத்துக்குப் பையரைக் கூட்டிவரப் போன நெடுஞ்சாலை ஐம்பதாயிரம். நம்முடையது மங்கலம் ரோட்டில் டையிங்குக்கும் பல்லடம் ரோட்டில் நிட்டிங்குக்கும் முதல் கியரில் நகர்ந்த ஐம்பதாயிரம். இரண்டும் ஒரே அலகு அன்று. இரண்டாவது டிரைவர் மதம்: டிரைவர் சொன்ன டயரே டயர். இதில் உண்மை அதிகம், கமிஷனும் கலந்திருக்கலாம். மூன்றாவது கிரிக்கெட் மதம். சச்சின் மட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து டயர் வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களோடு வாதிட முடியாது, மறுக்க வேண்டிய தேவையும் இல்லை.

*எண்ணும் எழுத்தும் பக்கச் சுவரின்*
*கண்ணென மொழிப கடையறிந் தோரே.*

டயரின் பக்கச்சுவரில் 165/80 ஆர்14 85டி என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் 80 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், அதாவது 132 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், 14 என்றால் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். இதே கணக்கை 185/65 ஆர்15-க்குப் போட்டால் 621 சொச்சம் வருகிறது. ரிம் பெரிதாகிச் சுவர் குட்டையாகி, உயரம் அப்படியே நிற்கிறது. ஒரே காரின் விலை குறைந்த மாடலுக்கும் கூடிய மாடலுக்கும் வேறு வேறு சைஸ் கொடுத்தும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாமல் இருப்பதன் சூட்சுமம் இதுதான். "ஒரு சைஸ் ஏத்திப் போடுங்கண்ணா, வண்டி கெத்தா நிக்கும்" என்ற உபதேசத்துக்கு ஆட்படுவோர், பழைய உயரத்திலிருந்து மூன்று விழுக்காட்டுக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்க. கெத்துக்கு மைலேஜில் வட்டி கட்ட வேண்டும் என்பதையும் அறிக.

கடைசியில் நிற்கும் 85டி-யை யாரும் படிப்பதில்லை. இந்த ஊரில் படித்தே ஆக வேண்டியது அதுதான். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும். புஷ்பா தியேட்டர் சந்திப்பில் இதைச் சோதிக்க இயலாது, விட்டுவிடலாம். 85 என்பது பாரக் குறியீடு, ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். 74 என்றிருந்தால் 375 கிலோ. குடும்பக் காருக்கு இது தாராளம். ஆனால் ராயபுரத்தில் குடும்பக் கார் என்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோவிலுக்குப் போகும் அதே கார், திங்கட்கிழமை பின்சீட்டை மடித்துத் துணி ரோலை ஏற்றிக்கொண்டு, துணி சுருங்காதபடி பதப்படுத்தும் காம்பேக்டிங்குக்குப் போகிறது. ரோல் ஒன்று 20, 25 கிலோ. "எட்டு ரோல்தானுங்க, பக்கத்துலதானுங்க." எட்டு ரோல் என்றால் மூன்று ஆள் எடை, முழுதும் பின் டயர்மேல். ஆகவே ரேட் குறைகிறதென்று பாரக் குறியீட்டில் இறங்கக் கூடாது. அந்தக் குறியீடும் முழுக் காற்று இருந்தால்தான் செல்லும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் பல கார்களில் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு காற்று, லோடு இருந்தால் எவ்வளவு என்று அதில் உண்டு. ஷோரூமிலிருந்து வந்த நாள்முதல் அதை யாரும் படித்ததில்லை என்பதற்கு அதன்மேல் படிந்த பஞ்சுத்தூசியே சான்று.

நைட்ரஜன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சும்மா கிடைக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். கடையில் வாங்குவது மிச்சத்தைத்தான்.

*வாரமும் ஆண்டும் நான்கிலக் கத்துள*
*ஆரறி வாரோ குனிந்துகா ணாக்கால்.*

டயர் பிறந்த தேதி அதன் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கமாக இருக்கும். 3524 என்றால் 2024-ன் 35-ஆம் வாரம், ஆகஸ்ட் இறுதி. சிக்கல் என்னவென்றால், இந்த நான்கு இலக்கம் பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டுவிட்டால், வெள்ளைச் சட்டையோடு காரடியில் புகுந்து, செல்போன் டார்ச் அடித்து, கழுத்தை ஒருக்களித்துத்தான் படிக்க வேண்டும். ஆகவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே, டயர் தரையில் படுத்திருக்கும்போதே பார்த்துவிடுக. சிலர் மூன்று மாதப் பழசு என்று சண்டை போடுகிறார்கள். அது வீண். வெயில் படாமல் குடோனில் நின்ற டயருக்கு ஆறு மாதமெல்லாம் வயதே இல்லை. இரண்டு வருடப் பழசு என்றால் விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்கும் மேல் என்றால் தொடவே வேண்டாம். ரப்பர் ஓடாமலே கெட்டுப்போகும் பொருள். டிக்கியில் புதுப்பெண்ணாக உட்கார்ந்திருக்கும் ஸ்டெப்னிதான் பல கார்களில் மூத்த டயர். பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் மேடு, தேயாமல் பளிச்சென்றிருந்தாலும் பத்து வயதானால் அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

ஒரே ஆக்சிலில் இருக்கும் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் என்பது விதி. ஒரு சட்டையில் இரண்டு லாட் துணி வந்தால் ஷேட் மாறியிருக்கிறதென்று டெபிட் நோட் போடும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து "பர்சன்ட்" பற்றிய ஆராய்ச்சி. பழைய டயர் விற்குமிடத்தில் "அம்பது பர்சன்ட் பட்டன் இருக்குதுங்க" என்பது வழக்கு. இந்த ஐம்பது எதன் ஐம்பது? புது டயரில் பள்ளத்தின் ஆழம் 8 மில்லிமீட்டர் என்று வைப்போம். 4 மில்லிமீட்டர் மிச்சம் என்றால் கண்ணுக்குப் பாதிதான். ஆனால் பள்ளத்துக்குள் குறுக்கே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது, சட்டப்படியும் முடிந்தது. ஆக, ஓட்டத் தக்கது 8-ல் 6.4 மட்டுமே. கையில் இருக்கும் 4-ல் ஓட்டத் தக்கது 2.4. அது முப்பத்தேழரை விழுக்காடு. பாதி விலை கொடுத்து மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வாங்கியிருக்கிறோம். அந்த மிச்சத்திலும் மழைநீரை வெளியே தள்ளும் வலு, பள்ளம் ஆழம் குறையக் குறைய இறங்கிக்கொண்டே போகும். ரீட்ரெடிங் நாமக்கல், சங்ககிரி லாரிகளுக்குப் பொருந்தும் விவகாரம், காருக்கு வேண்டாம்.

இனிக் காஸ்டிங். ஒரு டயர் 4,000 ரூபாய், 35,000 கிலோமீட்டர் ஓடும் என்போம். இன்னொன்று 5,000 ரூபாய், 45,000 ஓடும். நான்கு டயருக்குக் கிலோமீட்டர் செலவு முதலாவதில் 45.7 பைசா, இரண்டாவதில் 44.4. வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் 152 ரூபாய். பீஸுக்குப் பத்து பைசா தைப்புக் கூலிக்குப் பவர் டேபிள்காரரோடு அரைநாள் பேசுகிறவர்கள், இந்த 152 ரூபாய்க்கு நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். ஏறி இறங்கிய பெட்ரோல் இந்தக் கணக்கில் சேரவில்லை. கம்பெனிப் பெயரைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த அளவுதான் பெறும். உண்மையில் பணம் கரைகிற இடங்கள் வேறு, அதைக் கழற்றிப் போட்ட பழைய டயரே சொல்லும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிஞ்சியிருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் ஐயாயிரம் ரூபாய் டயரைப் போட்டால் அதுவும் இருபதாயிரத்தில் அதே கோலத்தில் வந்து நிற்கும். பேரம் பேச வேண்டுமென்றால் அலைன்மென்டையும் பேலன்சிங்கையும் விலைக்குள் சேர்க்கச் சொல்லிப் பேசுவது நல்ல பேரம். தள்ளுபடி என்று பார்த்தால், 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாக இறங்கியதைவிடப் பெரிதாக எந்தக் கடைக்காரரும் தந்துவிட மாட்டார். வரிக்கு முன் 4,000 என்றால் டயருக்கு 400, நான்குக்கு 1,600. அதற்கு முந்தைய வாரம் டயர் மாற்றியவர்கள் மீது ஆய்வாளருக்கு ஆழ்ந்த அனுதாபம் உண்டு.

நான்கும் ஒன்றாக மாற்ற வசதியில்லை, இரண்டுதான் என்றால் புதியதை எங்கே மாட்டுவது? முன்னே என்பது உலக வழக்கு. இழுப்பது முன்சக்கரம், திருப்புவது முன்சக்கரம், தேய்வதும் அதுவே. டயர் செய்பவர்கள் பின்னே என்கிறார்கள். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து வழிக்கு வந்துவிடும். பின் டயர் வழுக்கினால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. போதாததற்கு நம் காரின் பின்பக்கம் எட்டு ரோல் வேறு. ஆகவே புதியது பின்னே, பழையதில் நல்லது முன்னே, எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுக. இவ்வளவையும் கடைக்காரரிடம் நூற்பாவோடு எடுத்துரைத்தபோது அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிங்க" என்றார். ஜாக்கியை அதற்குள் பையன் முன்பக்கம் வைத்து ஏற்றிவிட்டிருந்தான்.